அடுத்து யார்?

புதுச்சேரியின் வைத்திக்குப்பத்தில் எங்கள் மளிகைக்கடைக்கு எப்போது கூட்டம் வரும் என்பதைக் கடல்தான் தீர்மானித்தது. 1980களில் அங்கே கட்டுமரங்கள் அதிகம். விடியுமுன் போன மரங்கள் கரை சேர்ந்ததும் மணலிலேயே ஏலம் நடக்கும். மீன் எடுத்த பெண்கள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்கும் முத்தியால்பேட்டைத் தெருக்களுக்கும் கிளம்புவார்கள். போகிற போக்கில் வெற்றிலை, பாக்கு, தீப்பெட்டி வாங்க வேண்டும். வெயில் ஏறினால் மீன் கெட்டுவிடும் என்பதால் ஒருத்திக்கும் நிற்க நேரம் இருக்காது. பொழுது சாய்ந்து, விற்ற காசோடு திரும்பும்போது அரிசி, புளி, மிளகாய், எண்ணெய் வாங்க வருவார்கள். இந்த இரண்டு வேளையும் கடை வாசல் நெரியும். மற்ற நேரத்தில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

அந்த வாசலில் ஒருவர் பின் ஒருவராக யாரும் நின்றதில்லை. எல்லோரும் பலகையைச் சுற்றி மொய்த்துக்கொண்டு கையை நீட்டுவார்கள். ஆனாலும் சண்டை வந்து நான் பார்த்தது குறைவு. முறை முழுவதும் அப்பாவின் தலைக்குள் இருந்தது. தராசில் கை இருக்கும்போதே, புதிதாக ஒரு ஆள் வந்தால் நிமிர்ந்து பார்த்து ஒரு வார்த்தை சொல்வார்: “வா தங்கச்சி, ஒனக்கு முன்னால நாலு பேரு.” வந்தவள் தான் கணக்கில் சேர்ந்துவிட்டோம் என்று அறிந்துகொள்வாள். தனக்கு முன்னால் எத்தனை பேர் என்பதும் தெரிந்துவிடும். சுற்றி நிற்பவர்களுக்கும் அது காதில் விழுவதால், பிறகு யாரும் அவளைத் தள்ளிக்கொண்டு முன்னே போக முடியாது. பின்னாளில் நான் கல்லூரியில் வணிகவியல் நடத்தியபோது, வாடிக்கையாளர் வரிசை பற்றிய பாடத்துக்கு இந்த ஒரு வாக்கியத்தையே முதல் எடுத்துக்காட்டாகச் சொல்லிவந்தேன்.

அப்பாவின் வேலையில் பாதி, கூட்டம் வருவதற்கு முன்பே முடிந்திருக்கும். மதியம் கடை ஓய்ந்திருக்கும் நேரத்தில் புளி, மிளகாய், மல்லி, சர்க்கரை எல்லாவற்றையும் அன்றாடம் கேட்கும் அளவுகளில் நிறுத்து, பேப்பரில் பொட்டலம் கட்டி அடுக்கிவைப்போம். நானும் அண்ணனும் பள்ளிவிட்டு வந்ததும் எங்கள் கைக்கு நூற்கண்டு வந்துவிடும். மாலையில் ஒருத்தி ஐந்து சாமான் கேட்டால் நான்கு பொட்டலமாகவே தயாராக இருக்கும். நிறுக்க வேண்டியது அரிசி மட்டும்தான். சில்லறையையும் அப்படியே காசு வகை வாரியாகக் கல்லாவில் பிரித்து வைத்திருப்பார். பத்து ரூபாய் நோட்டுக்குச் சில்லறை தேடுகிற நேரத்தில் இரண்டு பேரை அனுப்பிவிடலாம் என்பது அவர் கணக்கு.

மாசச் சாமான் வாங்குகிறவர்களைப் பலகைப் பக்கமே நிற்க விடமாட்டார். அரவிந்தர் ஆசிரமத்தில் வேலை செய்தவர்கள், ஆலைத் தொழிலாளிகள், பிரெஞ்சு பென்ஷன் வாங்கிய வீடுகள் ஆகியோர் காலையில் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மதியம் கட்டி வைப்போம். சாயங்காலம் வந்து பணத்தைக் கொடுத்துப் பையை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு தீப்பெட்டிக்கும் ஒரு வெற்றிலைக் கட்டுக்கும் வந்தவர்களை அண்ணன் பலகையின் ஓரத்தில் தனியாகப் பார்த்துக்கொள்வான். இருபது நிமிடம் பிடிக்கும் சீட்டின் பின்னால் அரை நிமிட வேலைக்காரர் நின்றுகொண்டிருந்தால் அது அநியாயம் என்று அப்பா நினைத்தார். சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு. பெரியவர்களின் இடுப்பு உயரம்கூட இல்லாத பிள்ளை கையில் காசை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். யார் கண்ணுக்கும் படாது. அப்பா எட்டிப் பார்த்து, “அடுத்து அந்தப் பச்சைச் சட்டை” என்பார். அதற்கு மேல் ஒருவரும் பேசமாட்டார்கள்.

இந்த வித்தையைக் கணக்காக எழுதிய மனிதர் வெகு தொலைவில் இருந்தார். டென்மார்க்கில் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஆக்னர் கிராரூப் எர்லாங், தொலைபேசி அழைப்புகள் எந்த ஒழுங்கும் இல்லாமல்தான் வந்து விழுகின்றன என்பதை 1909இல் கணித முறையில் எழுதினார். எத்தனை இணைப்புகள் இருந்தால் எத்தனை பேர் காத்திருக்க நேரும் என்று கணக்கிடும் வழியையும் அவரே அடுத்து வகுத்தார். வரிசைக் கோட்பாடு என்ற துறை அங்கிருந்து கிளைத்தது.

அந்தக் கோட்பாட்டில் ஒரு கணக்கை ஒவ்வொரு முதலாளியும் மேலாளரும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒரு சன்னல், ஒரு ஊழியர் என்று வைத்துக்கொள்வோம். வருகிறவர்கள் நினைத்த நேரத்துக்கு வருகிறார்கள். வேலையும் ஆளுக்கு ஆள் கூடிக் குறைகிறது. இப்படிப்பட்ட இடத்துக்கான எளிய சூத்திரத்தின்படி, ஊழியர் தன் நேரத்தில் 80 விழுக்காடு வேலையாக இருந்தால் சராசரியாக 4 பேர் அங்கே இருப்பார்கள். 90 விழுக்காடு என்றால் 9 பேர். 95 விழுக்காடு என்றால் 19 பேர். ஊழியரின் வேலை கொஞ்சம்தான் கூடியிருக்கிறது. கூட்டமோ நான்கைந்து மடங்காகிவிட்டது. ‘கவுன்டரில் ஆள் சும்மா உட்கார்ந்திருக்கிறான்’ என்று சொல்லி இரண்டு ஆளில் ஒருவரைக் குறைக்கிற நிர்வாகம், மிச்சம் பிடித்த சம்பளத்தை வாடிக்கையாளர்களின் கால்களிலிருந்து எடுக்கிறது. எங்கள் கடையில் அண்ணன் நாள் முழுக்க நின்றதில்லை. கூட்ட நேரமான அந்த இரண்டு வேளை மட்டும் நின்றான். அதுவே போதுமானதாக இருந்தது.

இன்னொரு கணக்கு அமெரிக்கரான ஜான் லிட்டில் 1961இல் நிறுவியது. நிலைமை சீராக ஓடும்போது, காத்திருப்போர் எண்ணிக்கை என்பது நிமிடத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதையும் ஒருவர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதையும் பெருக்கினால் வருவது. திருப்பிப் போட்டால் நமக்குப் பயன்படும்: முன்னால் 10 பேர், இரண்டு நிமிடத்துக்கு ஒருவர் வேலை முடிகிறது என்றால் ஏறக்குறைய 20 நிமிடம். இந்தக் கணக்கைப் போட்டு வாசலில் எழுதிவைக்க எந்தக் கடைக்கும் பெரிய செலவு ஆகாது.

எங்கள் தெருப் பெண்களுக்கு வேறு ஒரு முறையும் தெரிந்திருந்தது. தெருக்குழாயில் தண்ணீர் வருவதற்கு வெகு நேரம் முன்பே குடங்கள் வரிசையாக இருக்கும். குடம் அங்கே நிற்கும். அதன் சொந்தக்காரி அடுப்படியில் நிற்பாள். தண்ணீர் வந்ததும் சத்தம் கேட்டு ஓடிவருவாள். குடத்தின் இடத்தை யாரும் நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் தெருவே கேட்கும். ரேஷன் கடையிலும் இதே முறைதான். சர்க்கரையும் மண்ணெண்ணெயும் வரும் நாளில் பைகளும் டின்களும் கற்களும் கடை திறக்கும் முன்பே வரிசையில் இருக்கும். அட்டைக்கு அட்டை பேதம் அளவில் இருந்தது, வரிசையில் இல்லை. இன்று கைபேசியில் முன்பதிவு செய்துவிட்டு வீட்டில் இருக்கிறோமே, அது அந்தக் குடத்தின் வாரிசுதான். ஆள் நிற்க வேண்டியதில்லை, முறை நின்றால் போதும் என்பதை வைத்திக்குப்பத்துப் பெண்கள் முன்பே செய்து காட்டிவிட்டார்கள். குடத்தின் முறைக்குத் தெரு முழுவதும் சாட்சி. கைபேசியின் முறைக்கு யார் சாட்சி என்பது இன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்வி.

ரயில் டிக்கெட் முன்பதிவு மாறியதை நல்ல மாற்றத்துக்கு உதாரணமாகச் சொல்வேன். கணினி வருமுன் ஒவ்வொரு ரயிலுக்கும் தனி நோட்டு. அந்த நோட்டு இருக்கும் சன்னலில்தான் நிற்க வேண்டும். ஒரு சன்னலில் கூட்டம் நெரியும், பக்கத்துச் சன்னலில் ஆளிருக்காது. ஆனாலும் அங்கே போய்ப் பயனில்லை. 1980களின் நடுவில் டெல்லியில் தொடங்கிய கணினி முன்பதிவு, எந்த ரயிலுக்கும் எந்தச் சன்னலிலும் டிக்கெட் என்று மாற்றியது. சன்னல்களின் எண்ணிக்கை கூடாமலேயே காத்திருப்பு குறையும் வழி இது. பல சன்னலுக்கு ஒரே வரிசை என்று வைத்தால் இன்னும் ஒரு நன்மை உண்டு. முதலில் வந்தவர் முதலில் போவார். நாம் நின்ற வரிசை மட்டும் நகரவில்லையே என்ற எரிச்சலுக்கு இடமில்லை. இன்றும் பல அலுவலகங்களில் ஒவ்வொரு மேசைக்கும் ஒரு வரிசை என்று பிரித்து வைத்துவிட்டு, ஒரு மேசைக்காரர் தேநீர் குடிக்கப் போனால் அந்த வரிசையைப் பட்டினி போடுகிறார்கள்.

மாசி மகத்தன்று எங்கள் கரையில் கூடும் கூட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல் இருக்க முடியாது. மயிலம் முருகன், தீவனூர் பொய்யாமொழி விநாயகர், ஊருக்குள்ளிருந்து மணக்குள விநாயகர் என்று பல கோயில்களின் உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்காக வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வருகிறார்கள். முன்னோருக்குத் திதி கொடுக்கவும் மக்கள் திரளாக வருகிறார்கள். அவ்வளவு கூட்டத்தையும் ஒரே சன்னிதி முன் நிறுத்தினால் என்ன ஆகும்? சுவாமிகள் பந்தல்களில் வரிசையாக எழுந்தருளியிருக்க, மக்கள் நடந்துகொண்டே தரிசிக்கிறார்கள். ஒரு பந்தலில் நெரிசல் என்றால் அடுத்ததைப் பார்த்துவிட்டு வரலாம். கூட்டம் தானே பரவி, தானே நகர்கிறது. அன்று எங்கள் கடையில் தேங்காய், வெற்றிலை, பழம், கற்பூரம், ஊதுவத்தி எல்லாம் முதல் நாள் இரவே ஒரு தட்டுக்கு ஒரு பையாகக் கட்டப்பட்டுவிடும். வாடிக்கைக்காரர்களுக்குப் பின்வாசல் வழியாக வியாபாரம் நடக்கும். முன்வாசல் வெளியூர்க்காரர்களுக்கு. விலை இரண்டு வாசலிலும் ஒன்றே.

1980களின் கடைசியில் தெற்கே துறைமுக முகத்துவாரத்தில் கல் தடுப்புகள் எழுந்தன. கரையோரமாக வடக்கு நோக்கி வந்துகொண்டிருந்த மணல் அங்கே தடைப்பட்டது. நகரத்தின் கடற்கரையும் அதற்கு வடக்கே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் கரைகளும் தேய்ந்தன. மணல் இருந்த இடங்களில் பாறாங்கற்கள் வந்தன. கட்டுமரங்கள் போய் ஃபைபர் படகுகளும் இயந்திரங்களும் வந்தன. கூடையோடு நடந்தவர்கள் ஷேர் ஆட்டோவில் போகிறார்கள். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்பது இன்று நாட்காட்டியின் ஒரு பகுதி. அப்பா போன பிறகு அண்ணன் நடத்திய கடையை இப்போது அண்ணன் மகன் நடத்துகிறான். கூட்டம் எப்போது வரும் என்பதைக் கடலோடு கைபேசியும் சேர்ந்து தீர்மானிக்கிறது.

இடையில் இந்த ஊரும் நாடும் வரிசையில் நின்ற காலங்கள் உண்டு. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. மறுநாள் வங்கிகள் மூடியிருந்தன. 10ஆம் தேதி திறந்தபோது கடை அடைத்துவிட்டுத் தெருவே வங்கி வாசலில் நின்றது. புதிய 2000 ரூபாய் நோட்டின் அளவு வேறு என்பதால் ஏடிஎம் இயந்திரங்களை ஒவ்வொன்றாக மாற்றியமைக்க வேண்டியிருந்தது. பணம் வருமா, எப்போது தீரும், தீர்ந்தால் நாளைக்கு இதே இடம் கிடைக்குமா, எதுவும் எவருக்கும் தெரியாது. நின்ற நேரத்தைவிட அந்தத் தெரியாமைதான் ஆட்களை வாட்டியது. மீன் விற்ற காசைப் பழைய நோட்டாகவே முடிந்து வைத்திருந்த பெண்களை அந்த வரிசைகளில் பார்த்தேன். அவர்களுக்கு நின்ற நாள் ஒவ்வொன்றும் வியாபாரம் போன நாள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கடை வாசல்களில் சுண்ணாம்பு வட்டங்கள் போடப்பட்டன. மொய்த்து நின்றே பழகிய குப்பம் வட்டத்துக்குள் நின்றது. இடம் கண்ணுக்குத் தெரிந்தால் மக்கள் தாமாகவே ஒழுங்காக நிற்பார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நம் ஜனங்களுக்கு வரிசையில் நிற்கத் தெரியாது என்று சொல்கிறவர்களோடு நான் உடன்பட மாட்டேன். தரையில் ஒரு வட்டம் போட்டுக் காட்டியவர்களுக்கு அவர்கள் கட்டுப்பட்டார்கள்.

ரேஷன் வரிசைக்கு நடந்தது வேறு கதை. 2015இல் புதுச்சேரியில் தானியத்துக்குப் பதிலாகப் பணத்தை வங்கிக் கணக்கில் போடும் திட்டம் தொடங்கியது. பின்னர் புதுச்சேரி அரசின் அரிசியும் பணமானது. ரேஷன் கடைகள் மூடிக் கிடந்தன. வரிசை ஒழிந்தது என்று பலர் சொன்னார்கள். அது வங்கி வாசலுக்கும் ஏடிஎம்முக்கும் போயிருந்தது. பணம் ஏறியதா என்று பார்க்கவே ஒரு நடை, எடுக்க ஒரு நடை, அரிசி வாங்க ஒரு நடை. 2024 அக்டோபரில் தீபாவளியை ஒட்டிக் கடைகள் மறுபடி திறந்தபோது அரிசியும் சர்க்கரையும் வாங்க வந்த பெண்களின் முகத்தில் மகிழ்ச்சியைப் பார்த்தேன். ஒரு வரிசையை ஒழிப்பதாக அறிவிக்கும் எவரும், அந்த ஆட்கள் இனி எங்கே நிற்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கூட்டத்தை மரியாதையாக நடத்த முடியும் என்பதற்கு எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு பாடசாலை இருக்கிறது. கடலூர் சாலையில் தவளக்குப்பத்தில் 2003 முதல் இயங்கும் அரவிந்த் கண் மருத்துவமனை. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனையின் கிளை அது. அவர் ஸ்ரீ அரவிந்தரின் அன்பர். மருத்துவமனையின் பெயரும் அங்கிருந்தே வந்தது. அங்கே நோயாளி ஒரே இடத்தில் நெடுநேரம் காத்துக் கிடப்பதில்லை. பதிவு, பார்வைச் சோதனை, கண் அழுத்தம் பார்த்தல், சொட்டு மருந்து, பிறகு மருத்துவர் என்று ஒவ்வொரு கட்டமாக நகர்த்தப்படுகிறார். மருத்துவர் அல்லாதவர் செய்யக்கூடிய எல்லா வேலையையும், கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கப்பட்ட பெண்களே செய்கிறார்கள். மருத்துவரின் நேரம் மருத்துவரால் மட்டுமே ஆகக்கூடிய வேலைக்குப் போகிறது. அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றொன்றில் அடுத்தவர் தயாராக இருக்கிறார். கட்டணம் கொடுப்பவரும் இலவசமாக வருபவரும் இந்த வேகத்தால்தான் பார்க்கப்படுகிறார்கள். கூட்டம் அதிகம் என்று அலுத்துக்கொள்ளும் எந்த நிறுவனமும் அங்கே ஒரு நாள் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரலாம்.

காத்திருப்பவரின் மனம் பற்றி டேவிட் மைஸ்டர் என்ற நிர்வாகவியல் அறிஞர் 1985இல் எழுதிய கட்டுரை இத்துறையில் பெயர் பெற்றது. சும்மா நிற்கும் நேரம் நீளமாகத் தெரியும். எவ்வளவு நேரம் என்று தெரியாவிட்டால் இன்னும் நீளும். காரணம் சொல்லாத தாமதமும் முறைகேடான தாமதமும் பொறுக்க முடியாதவை. துணையில்லாமல் தனியாக நிற்பது கடினம். கடை வாசலில் அப்பா ஒரு பெஞ்சும் ஒரு மண்பானைத் தண்ணீரும் வைத்திருந்தார். பெஞ்சில் ஊர்க்கதை நடக்கும். கடலில் இன்று என்ன பட்டது, யார் வீட்டில் கல்யாணம் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே முறை வந்துவிடும். இன்று குளிர்சாதன அறையில் நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். ஒருவரும் மற்றவரோடு பேசுவதில்லை. எல்லாக் கண்களும் சுவரில் மாறும் எண்ணின் மேல்.

அந்த எண் எல்லோருக்கும் உதவுகிறதா என்று பார்க்க வேண்டும். அம்மாவை அழைத்துக்கொண்டு ஒரு வங்கிக்குப் போயிருந்தேன். இயந்திரத்தில் பொத்தானை அழுத்தினால் டோக்கன் வருகிறது. எந்தப் பொத்தான் எதற்கு என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அழைப்புக் குரலிலும் தமிழ் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீன்காரப் பாட்டிக்கு எண் படிக்கத் தெரியாது. அவர் முறை வந்து, விளக்கு எரிந்து, தாண்டிப் போய்விட்டது. டோக்கனை வாங்கிப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. “எம்பேரச் சொல்லிக் கூப்புட்டா வந்திருப்பேன் தம்பி” என்றார் அந்தப் பாட்டி. நான் எழுந்துபோய்ச் சொன்னதும் ஊழியர் உடனே அவரை அழைத்து வேலையை முடித்துக் கொடுத்தார். ஊழியர்மேல் குறை இல்லை. ஒரு பெயரைக் கூப்பிடும் வழியை அந்த ஏற்பாட்டுக்குள் யாரும் வைக்கவில்லை.

அண்ணன் மகன் கடையை நன்றாக நடத்துகிறான். 2016இல் வந்த யுபிஐ, சில்லறைத் தொல்லையைத் தீர்த்துவிட்டது. பணம் வந்ததை ஒலிப்பெட்டி சத்தமாகச் சொல்கிறது. சீட்டு வாட்ஸ்அப்பில் வருகிறது. கடைப் பையன் ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுக்கிறான். தாத்தா வகுத்த வழியேதான், வேகம் மட்டும் கூடியிருக்கிறது. ஆனால் புதிதாக ஒரு சிக்கல் வந்திருந்தது. கைபேசி ஒலித்ததும் கடையில் கை அந்தப் பக்கம் போய்விடும். எதிரில் நிற்பவர், கண்ணுக்குத் தெரியாத ஒருவருக்காகச் சாமான் கட்டப்படுவதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். உணவகங்களிலும் இதுதான் நடக்கிறது. மேசையில் நாம் காத்திருக்க, சீருடை போட்ட இளைஞர்கள் வந்து பார்சலை வாங்கிக்கொண்டு போகிறார்கள். அவர்களும் நிமிடத்துக்கு ஓடுகிறவர்கள். அவர்களைக் கோபிப்பது நியாயமில்லை. ஒரே அடுப்புக்கு இரண்டு வரிசைகள் இருக்கின்றன, ஒரு வரிசைக்காரருக்கு மற்ற வரிசை தெரிவதில்லை. அதைத் தெரியப்படுத்துவது முதலாளியின் கடமை.

இதை அண்ணன் மகனிடம் பேசினேன். “சித்தப்பா, போன்ல கேக்கறவங்களுக்கும் அவசரம் இருக்கும்ல?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். காலை பதினொரு மணிக்குள் வரும் வாட்ஸ்அப் சீட்டுகள் மதியம் கட்டப்படும். மாலையில் கூட்டம் இருக்கும் நேரத்தில் பலகைக்கு முன்னால் நிற்பவருக்கே முதல் கை. அந்த நேரத்தில் வரும் சீட்டுக்கு ‘எட்டு மணிக்கு மேல் வரும்’ என்று உடனே பதில் போய்விடும். ஓரத்தில் கைச்சாமானுக்கு ஒரு பையன். இந்த ஏற்பாட்டை ஒரு அட்டையில் தமிழில் எழுதி வாசலில் மாட்டியிருக்கிறான். நின்று வாங்குகிறவர்களின் முணுமுணுப்பு அடங்கிவிட்டது. போனில் கேட்கிறவர்களும் எட்டு மணி என்று தெரிந்ததால் திரும்பத் திரும்ப அழைப்பதில்லை.

கடை, மருந்தகம், உணவகம், வங்கி, மருத்துவமனை எதை நடத்துகிறவராக இருந்தாலும் உங்களிடம் சில வேண்டுகோள்கள். உங்கள் கூட்ட நேரம் எது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். அந்த நேரத்துக்கு மட்டுமாவது ஆள் கூட்டுங்கள். கூட்டத்துக்கு முன் செய்துவைக்கக்கூடிய வேலையை முன்பே முடித்துவையுங்கள். சின்ன வேலைக்கு வந்தவரைப் பெரிய வேலையின் பின்னால் நிறுத்தாதீர்கள். பல கவுன்டர் இருந்தால் வரிசையை ஒன்றாக்குங்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் கொஞ்சம் கூட்டியே சொல்லுங்கள். சொன்னதற்கு முன்னால் முடிந்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள். முதியவரையோ கைக்குழந்தைக்காரியையோ முன்னால் விடுவதென்றால், அதை எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டு விடுங்கள், கேட்பவர்கள் வழிவிடுவார்கள். தெரிந்தவர் என்பதற்காக யாருக்கும் சொல்லாமல் பின்வழியில் ஒருவரை விட்டால், நின்றுகொண்டிருக்கும் அத்தனை பேரின் நம்பிக்கையும் அன்றே போய்விடும். டோக்கன் இயந்திரம் வைத்தால் அது தமிழில் பேசட்டும். எண் படிக்கத் தெரியாதவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் இருக்கட்டும்.

வரிசையில் நிற்கிறவர் தன் நாளில் ஒரு பகுதியை நமக்கு முன்பணமாகக் கொடுத்துவிட்டு நிற்கிறார். அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியது வாங்கியவரின் பொறுப்பு. கைபேசி இல்லாதவருக்கும் எழுத்துத் தெரியாதவருக்கும் அவர்கள் முறை தவறாமல் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் உங்கள் வரிசை நன்றாக நடக்கிறது. கிடைக்கவில்லை என்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய இயந்திரமாக இருந்தாலும், உங்கள் வரிசை கெட்டுப்போயிருக்கிறது என்றே பொருள்.